சொந்தக் கார்ல ரேஸ் ஓட்டலாமா? ஆட்டோகிராஸ் பற்றி ஹைதராபாத் தமிழர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

அமீர்பேட்டில் கார் வைத்திருப்பவருக்குத் தெரியும், மைத்ரிவனம் சிக்னலில் மூன்றாவது கியர் என்பது ஒரு கனவு. காலையில் கோச்சிங் சென்டர் கூட்டம், மாலையில் ஆபீஸ் கூட்டம், நடுவில் மெட்ரோ தூண்கள். மணிக்கு 180 கி.மீ. போகும் என்று ஸ்பீடோமீட்டர் சொல்கிற காரை 15-இல் ஓட்டிக்கொண்டு, இன்னும் நாலு வருஷ ஈஎம்ஐ பாக்கி வைத்திருக்கிறோம்.

இதே ஊரில்தான் 2023 பிப்ரவரி 11 அன்று, ஹுசைன் சாகர் கரையில் 18 வளைவுகள் கொண்ட தெரு டிராக்கில் ஃபார்முலா இ ரேஸ் நடந்தது. பிரான்ஸின் ஜான் எரிக் வெர்ன் ஜெயித்தார். அமீர்பேட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். அடுத்த ஆண்டுப் போட்டி ரத்தானது. ஆனால் அந்த மாதிரி ஒரு ரேஸைப் பார்த்துவிட்டு வருகிறவர் மனதில் கிளம்பும் கேள்வி ரத்தாவதில்லை: நம்ம காரை, நாமளே, ஒரு தடவையாவது முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க முடியுமா?

முடியும். அதுக்குப் பெயர் ஆட்டோகிராஸ். கார் ரேஸிங்கில் நுழைய இருக்கும் வழிகளில் செலவு குறைந்தவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் "செலவு குறைவு" என்பதில் ஒரு பெரிய நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அது இன்சூரன்ஸ் பாலிசியின் பின்பக்கத்தில், யாரும் படிக்காத ஒரு பத்தியில் இருக்கிறது. அதற்கு வருவோம்.

ஆட்டோகிராஸ்னா என்ன?

ஒரு திறந்த மைதானம். அதில் கூம்புகளோ, டயர் அடுக்குகளோ, மண் வரம்புகளோ வைத்து ஒரு பாதை போடுவார்கள். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். உங்களோடு மோதி முந்த யாரும் இல்லை, எதிரி கடிகாரம் மட்டும்தான். புறப்படும் கோட்டிலும் முடியும் கோட்டிலும் ஒளிக்கதிர் சென்சார் வைத்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரம் எடுப்பார்கள். ஒரு சுற்று சுமார் ஒரு நிமிஷம், சில இடங்களில் கொஞ்சம் கூட. கூம்பை இடித்தால் நேரத்தில் அபராதம் சேரும். பாதை தவறினால் அந்தச் சுற்றே கணக்கில் வராது.

ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் வேறு பொருள் இருப்பதுதான் இதில் குழப்பம். அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்றால் தார் அல்லது கான்கிரீட் பரப்பில், பெரிய பார்க்கிங் மைதானத்தில், கூம்புகளுக்கு நடுவே ஓட்டுவது. 1944-இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா இதை "சோலோ" என்ற பெயரில் நடத்துகிறது. 1973 முதல் தேசியச் சாம்பியன்ஷிப்பும் உண்டு. அங்கே ஒரு கூம்பு விழுந்தால் இரண்டு நொடி அபராதம். ஐரோப்பாவில் அதே சொல்லுக்குப் பொருள், மண் டிராக்கில் பல கார்கள் ஒன்றாகப் புறப்பட்டு முட்டி மோதி ஓடுவது.

இந்தியாவில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை. கடிகாரத்தோடுதான் போட்டி, ஆனால் தரை பெரும்பாலும் மண். சில இடங்களில் டிராக்கின் எதிரெதிர் முனைகளிலிருந்து இரண்டு கார்களை ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். பார்க்கிறவர்களுக்கு விறுவிறுப்பாக இருக்கும், போட்டி என்னவோ நேரத்தோடுதான்.

யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே பெயர் கொடுத்தால், அன்று காலை செம்மண்ணைப் பார்த்து முழிக்க வேண்டியிருக்கும். மண்ணும் தாரும் காருக்குச் செய்கிற சேதமே வேறு. தாரில் டயரும் பிரேக்கும் தேயும், அவ்ளோதான். மண்ணில் பம்பர் கிழியும், ஆயில் சம்ப் கல்லில் அடிபடும், ஏர் ஃபில்டர் ஒரே நாளில் செங்கல் நிறமாகும். ஆகவே பெயர் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தரை என்ன?"

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-இல். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில்தான் பல ஆண்டுகள் ரேஸ் நடந்தது. ஃபியட், அம்பாஸடர், ஹெரால்டு என்று சாலையில் ஓடிய கார்களையே தட்டிக்கொட்டித் தயார் செய்து கொண்டு வந்து ஓட்டிய காலம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்த பிறகு ரேஸ் அங்கே போனது. கோயம்புத்தூரில், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய எஸ். கரிவரதனின் பெயரில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அப்பா, சித்தப்பா யாராவது "சோழவரம்"னு சொன்னதும் கண் விரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஓஆர்ஆர்ல ஓட்டினா என்ன?

158 கி.மீ. அவுட்டர் ரிங் ரோடு காலியாக இருக்கும்போது கால் துறுதுறுக்கும், புரியுது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் அல்லது வேகச் சோதனையில் பங்கேற்பதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐடி வேலையில் பின்னணிச் சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"பொது இடம்" என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கமும் அகலமானது: பொதுமக்களுக்குப் போக உரிமையுள்ள எந்த இடமும் அதில் அடங்கும். நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் ஏதோ ஒரு திடலில் நாலு கூம்பு வைத்து ஓட்டினால் அது ஆட்டோகிராஸ் ஆகிவிடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, பார்வையாளர் தடுப்பு, மார்ஷல் இவையெல்லாம் இருந்தால்தான் அது போட்டி. முறையான போட்டியிலேயே தடுப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மரில் நடந்த தேசிய ராலி சாட்சி. மூடப்பட்ட பாதைக்குள் ஒரு பைக் வந்துவிட்டது. ராலி கார் மோதி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்தார்கள்.

இன்சூரன்ஸ்: படிக்காத அந்தப் பத்தி

இப்போ விஷயத்துக்கு வருவோம். உங்கள் கார் பாலிசியை போனில் திறந்து "பயன்பாட்டு வரம்புகள்" பகுதியைத் தேடுங்கள். இந்தியாவில் தனியார் கார் பேக்கேஜ் பாலிசிகளில் ஏறக்குறைய ஒரே வாசகம்தான் இருக்கும்: வாடகைக்கு விடுதல், ஒழுங்கமைக்கப்பட்ட ரேஸிங், பேஸ் மேக்கிங், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் இவற்றுக்குப் பயன்படுத்தும்போது காப்பீடு கிடையாது. நீங்கள் கட்டிய ஜீரோ டெப், இன்ஜின் ப்ரொடெக்ட், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் எல்லாம் மைதானத்தின் வாசலோடு நின்றுவிடும்.

ராலி, ரிலையபிலிட்டி டிரையல் போன்றவற்றுக்கு ஐஎம்டி 31 என்று ஒரு கூடுதல் எண்டார்ஸ்மென்ட் இந்திய மோட்டார் டாரிஃபில் உண்டு. போட்டிக்கு முன்னாலேயே கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டி வாங்க வேண்டியது அது. சாதாரண ஏஜென்ட் பலர் அந்தப் பெயரைக் கேட்டதும் "ஒரு நிமிஷம் சார்" என்பார்கள். எதையும் வாய்வார்த்தையாக நம்பாதீர்கள். உங்கள் போட்டியின் பெயர், தேதி, வகை மூன்றையும் எழுதி மெயில் அனுப்பி, "இதற்குக் கவர் உண்டா, இல்லையா" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பதில் "இல்லை" என்று வந்தால் கணக்கு இப்படி: கார் உருண்டால், ரிப்பேர் முழுவதும் உங்கள் பை. கார் வங்கியின் ஹைப்பாதிகேஷனில் இருந்தால், ஓட்ட முடியாத அந்தக் காருக்கு ஈஎம்ஐ மாதாமாதம் ஐந்தாம் தேதி போய்க்கொண்டேதான் இருக்கும்.

சிலர் ஒரு வழி சொல்வார்கள்: "வீட்டு கேட்ல இடிச்சதுன்னு க்ளெய்ம் போட்டுடலாம் பாஸ்." அது மோசடி. அதோடு முட்டாள்தனமும்கூட, ஏனென்றால் முந்தின நாள் ராத்திரிதான் ஹெல்மெட்டோடு ரீல்ஸ் போட்டிருப்பீர்கள்.

இதிலிருந்து நேராக ஒரு முடிவுக்கு வரலாம், இது என் கருத்து. கடனில் இருக்கும் புதுக் காரை முதல் தடவையே மண் ஆட்டோகிராஸுக்குக் கொண்டு போகாதீர்கள். தார் பரப்பில், அகலமான, மோத எதுவும் இல்லாத மைதானத்தில் நடக்கும் கூம்புப் போட்டி கிடைத்தால் அதில் உங்கள் காரோடு தொடங்குங்கள். மண்தான் ஆசை என்றால் கடன் முடிந்த பழைய ஹேட்ச்பேக் நல்லது. அதன் பம்பர் கிழிந்தால் மனசும் சேர்ந்து கிழியாது.

எந்த கார்? எவ்வளவு மாற்றணும்?

பொதுவாக இன்ஜின் கொள்ளளவை வைத்து வகுப்பு பிரிப்பார்கள். புதியவர்களுக்கு நோவிஸ் அல்லது அமெச்சூர் பிரிவும், பெண்களுக்குத் தனிப் பிரிவும் பல இடங்களில் உண்டு. 1.2 லிட்டர் ஸ்விஃப்ட் வைத்திருப்பவர் டர்போ போலோவோடு போட்டியிட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் வராது. எடை குறைந்த, தாழ்வான ஹேட்ச்பேக்தான் இதற்கு லாயக்கு. உயரமான எஸ்யுவி குறுகிய வளைவுகளில் உருளும் அபாயம் கூட, ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றங்கள் விஷயத்தில் என் பதில் ஒரு சொல்: வேண்டாம். முதல் சீசனில் எக்ஸாஸ்ட், ஈசியு ரீமேப், லோயரிங் ஸ்பிரிங் எதுவும் உங்கள் நேரத்தைக் குறைக்காது, ஓட்டுநர் திருந்தினால்தான் குறையும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மீறி மாற்றிய காரைச் சாலையில் ஓட்டினால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். போட்டி மைதானத்துக்கு நீங்கள் போவதும் வருவதும் சாலை வழியாகத்தானே!

செலவு செய்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் மூன்று இடம் சொல்கிறேன்: பிரேக் பேட், பிரேக் ஆயில், நல்ல டயர். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் சேர்ந்த பிறகு 155. ஏப்ரல் மாத ஹைதராபாத் வெயிலில் அடுத்தடுத்து நாலு சுற்று ஓட்டினால், ஆயில் கொதித்து பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். சர்வீஸில் இரண்டு வருடமாக மாற்றவில்லை என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

லைசென்ஸ் வேணுமா?

இந்தியாவில் மோட்டார் ஸ்போர்ட்ஸுக்கான தேசியக் கூட்டமைப்பு எஃப்எம்எஸ்சிஐ. கார் ரேஸிங்கின் உலக அமைப்பான எஃப்ஐஏ-வோடு இணைந்தது. இதன் அலுவலகம் இருப்பது சென்னையில். எஃப்எம்எஸ்சிஐ அனுமதி பெற்ற போட்டியில் ஓட்ட, வழக்கமான டிரைவிங் லைசென்ஸோடு அவர்களுடைய போட்டி லைசென்ஸும் தேவை. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான். மருத்துவத் தகுதிச் சான்றை எம்பிபிஎஸ் டாக்டரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் அலைய வேண்டாம்.

ஒவ்வொரு போட்டிக்கும் "சப்ளிமெண்டரி ரெகுலேஷன்ஸ்" என்று ஒரு ஆவணம் வரும். கூம்புக்கு எத்தனை நொடி, எந்த வகுப்பில் யார், எத்தனை சுற்று, புகார் கொடுக்க எவ்வளவு நேரம் எல்லாம் அதில்தான் இருக்கும். பத்துப் பக்கம்தான், படிச்சிடுங்க. இன்டெம்னிட்டி படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஓட்டுநருக்கு விபத்துக் காப்பீடு எவ்வளவு? அருகில் எந்த மருத்துவமனையோடு ஏற்பாடு? இரண்டுக்கும் டக்கென்று பதில் வராத இடத்தில் ஓட்டாமல் திரும்புவதே மேல்.

ஹைதராபாத்திலிருந்து எங்கே போவது?

தென்னிந்தியாவில் மோட்டார் ஸ்போர்ட்ஸின் பழைய வீடுகள் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு. ஹைதராபாத்தில் ஷம்ஷாபாத் பக்கம் கார்ட்டிங் டிராக்குகள் இருக்கின்றன. நாலைந்து ஞாயிறுகள் அங்கே கார்ட் ஓட்டுவது வீண் செலவு இல்லை. பிரேக்கை எப்போது விடுவது, வளைவில் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதை உங்கள் காரைத் தேய்க்காமலே கற்றுக்கொள்ளலாம்.

பெங்களூருக்கு ஓட்டிப் போவதென்றால் ஒரு வழி சுமார் 570 கி.மீ. போய்வர 1,150 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காருக்கு 77 லிட்டர். லிட்டர் 107 ரூபாய் என்று வைத்தாலும் பெட்ரோல் மட்டும் எட்டாயிரத்தைத் தாண்டும். டோல், ரூம், நுழைவுக் கட்டணம் தனி. இதைவிட முக்கியம், ஓட்டி முடித்த அதே டயரில், அதே பிரேக்கில்தான் ஞாயிறு இரவு திரும்பி வர வேண்டும், திங்கள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு. பெட்ரோலையும் ரூமையும் பங்கு போட நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது இந்த விளையாட்டில் சகஜம். சில போட்டிகளில் ஒரே காரை இரண்டு பேர் ஓட்டவும் விடுவார்கள்.

காரே இல்லையா? மார்ஷலாகப் பெயர் கொடுங்கள். கிளப்புகளுக்கு எப்போதும் ஆள் தேவை. விழுந்த கூம்பை எடுத்து வைத்துக்கொண்டு, நூறு கார்கள் ஒரே வளைவில் செய்யும் ஒரே தப்பைப் பார்ப்பது போன்ற பாடம் எந்த யூடியூப் சேனலிலும் கிடையாது.

போட்டி நாள் காலையில்

முதலில் ஸ்க்ரூட்டினி, அதாவது கார் சோதனை. பேட்டரி அசையக்கூடாது, ஆயில் ஒழுகக்கூடாது, சீட் பெல்ட் பிடிக்க வேண்டும், வீல் நட்டுகள் மேனுவலில் சொன்ன டார்க்கில் இறுகியிருக்க வேண்டும். காருக்குள் கழன்று வரக்கூடிய எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்: மேட், தண்ணீர் பாட்டில், குடை, ஜாக்கி, ஸ்டெப்னி. டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் பத்திரமாக இறக்கி வையுங்கள், அவர் வேகமாகப் பறந்தால் யாருக்கும் நல்லதில்லை. டூல்கிட்டில் இருக்கும் டோ ஹூக்கை முன்பக்கம் மாட்டிவிடுங்கள். பெட்ரோல் அரை டேங்க் போதும், ஆனால் ரிசர்வில் ஓட்டாதீர்கள். வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் திணறும். முழுமுக ஹெல்மெட், பருத்தியில் முழுக்கைச் சட்டை, மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூ.

அடுத்து, பாதையை நடந்து பார்ப்பது. இதைத்தான் புதியவர்கள் செல்ஃபியில் கழிக்கிறார்கள். குறைந்தது மூன்று முறை நடங்கள். முதல் நடை வழி தெரிய. இரண்டாவது, எங்கே பிரேக் பிடிப்பது என்று பார்க்க, குனிந்து, சீட்டில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரத்திலிருந்து. மூன்றாவது தனியாக, யாரோடும் பேசாமல். கண்ணை மூடி முழுப் பாதையையும் மனதில் ஓட்ட முடிகிற வரை நடை முடியவில்லை.

சரி, எப்படி ஓட்டுறது?

டயரின் பிடிமானத்தை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தொகை ஒன்றுதான். அதை பிரேக், திருப்பம், ஆக்ஸிலரேஷன் மூன்றுக்கும் பங்கு போட வேண்டும். முழுச் சம்பளத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால், திருப்பத்துக்கு மிச்சம் எதுவும் இல்லை. கார் நேராகப் போய்க் கூம்பில் நிற்கும். அதுதான் அண்டர்ஸ்டீயர். முன்சக்கர டிரைவ் காரில் இதுதான் உங்களுக்கு அதிகம் நடக்கும். அப்போது ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பக் கை போகும். திருப்பாதீர்கள். காலை லேசாக எடுங்கள், எடை முன்னால் வரும், முன்டயர் மறுபடி கடிக்கும்.

பிரேக்கை நேர்கோட்டில், வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். 40-இல் நுழைய வேண்டிய வளைவில் 60-இல் நுழைந்தால், வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் காரின் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்கு. நுழைவில் அவசரப்பட்டு மிச்சம் பிடித்த அரை நொடியை, வெளியே வரும்போது வட்டியோடு திருப்பிக் கொடுப்பீர்கள். வரிசைக் கூம்புகளில் வளைந்து போகும்போது, பக்கத்தில் இருக்கும் கூம்பைப் பார்க்கவே கூடாது. அதற்கு அடுத்ததையோ, அதற்கும் அடுத்ததையோ பாருங்கள். கண் போகிற இடத்துக்குத்தான் கை போகும்.

கியர் விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். முதல் கியரில் கிளம்பி, இரண்டில் போட்டு அங்கேயே இருங்கள். ஈஎஸ்சி இருந்தால் முதல் இரண்டு சுற்றுக்கு அணைக்காதீர்கள். விளக்கு எங்கே மின்னுகிறதோ அங்கே நீங்கள் தப்பு செய்கிறீர்கள் என்று கார் சொல்கிறது, இலவச கோச். தார்ப் பரப்பில் முன்டயரில் வழக்கத்தை விட மூன்று, நாலு பிஎஸ்ஐ கூட வைத்து, டயரின் பக்கவாட்டு விளிம்பில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு எங்கே வரை அழிகிறது என்று பார்த்தால் டயர் எவ்வளவு மடங்குகிறது என்று தெரியும். சூடேற ஏற அழுத்தம் கூடும், சுமார் ஆறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்ற கணக்கில். சுற்றுக்குச் சுற்று அளந்து காற்றை இறக்குங்கள்.

முதல் போட்டியில் ஒரே இலக்கு வையுங்கள்: உங்கள் முதல் சுற்றை விடக் கடைசிச் சுற்று வேகமாக இருக்க வேண்டும், கூம்பு எதுவும் விழாமல். வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை இரண்டாவது போட்டியில் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன், இறக்கிய காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் திரும்ப டிக்கிக்குள் போகட்டும். குனிந்து காருக்கு அடியில் ஒரு தடவை டார்ச் அடித்து, ஆயில் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஹைவேயில் முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அந்த வாரத்திலேயே ஒருநாள் பிரேக் பேடின் கனத்தை மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள்.